பொத்தானும் அதன் வீடும்

உடையின் வரலாற்றை எழுதியோர் பட்டைப் பற்றியும் பருத்தியைப் பற்றியும் பக்கம் பக்கமாக எழுதினர். சட்டையின் இரு பாதிகளையும் மார்பின்மேல் சேர்த்துப் பிடிக்கும் பொத்தானுக்கு ஒரு வரி ஒதுக்கியவர் சிலரே. நுவரெலியாவுக்கு அப்பால், உடப்புசல்லாவைச் சாலையிலுள்ள ராகலை போன்ற குளிர் மிகுந்த ஊர்களில் இந்த அலட்சியம் பொருந்தாது. மார்கழி விடியலில், பனி விலகுமுன் பெரட்டுக்களத்தில் நிற்பவனுக்குச் சட்டையில் ஒரு பொத்தான் இல்லாமற்போவது சிறு குறையன்று.

தைத்த மேலாடையைத் தமிழர் பண்டே அறிவர். சிலப்பதிகாரம் கஞ்சுகம் அணிந்தோரைப் பேசுகிறது. துணி தைப்போரைத் துன்னகாரர் என்கிறது. எனினும் பொத்தான் என்னும் சொல் கடல் கடந்து வந்தது. 1505ஆம் ஆண்டில் இலங்கைக் கரையை அடைந்த போர்த்துக்கேயரின் மொழியிலிருந்து தமிழ் 'பொத்தான்' என்றும், சிங்களம் 'பொத்தம' என்றும் அதனைப் பெற்றன. கமிசு என்பதும் அவர்கள் தந்ததே. பொத்தான் நுழையும் துளைக்குப் போர்த்துக்கேயர் இட்ட பெயர் 'காசா'. அதற்கு வீடு என்பது பொருள். தையற்காரர் நாவில் வழங்கும் 'காஜா' அதன் வழிவந்ததென்பர் சொல்லாராய்ச்சியாளர். பொத்தான் குடியிருக்கத் துணியில் ஒரு வீடு! பெயரிட்டவன் நல்ல ரசிகனாக இருந்திருக்க வேண்டும்.

கோப்பிக் காலத்திலும் அதன்பின் தேயிலைக் காலத்திலும் திருச்சிராப்பள்ளி, மதுரை, சேலம் முதலிய மாவட்டங்களிலிருந்து மலையேறிய மக்களுக்குப் பொத்தான் உடனே வாய்த்துவிடவில்லை. தொழிலாளியின் மேலுடை பெரும்பாலும் கம்பளியே. மழைக்கும் அதுவே, குளிருக்கும் அதுவே, இரவில் போர்வையும் அதுவே. அந்தக் கம்பளியும் இனாமன்று; அதன் விலை அவன் கணக்கில் கடனாக ஏறியது. தொழிலாளி ஒரு தோட்டத்தை விட்டு வேறு தோட்டம் செல்லுங்கால் அவன் கடனைக் குறித்துக் கொடுக்கப்பட்ட சீட்டுக்குத் 'துண்டு' என்று பெயர். தோளில் போடும் துண்டுக்கும் வழியில்லாதவனைக் காகிதத் துண்டு கட்டிப்போட்டது. 1921ஆம் ஆண்டில் அம்முறை சட்டத்தினால் ஒழிக்கப்பட்டது. அந்நாளில் தோட்டத்தில் பொத்தான் மின்னியது துரையின் உடையிலும், பெரிய கங்காணியின் கறுப்புக் கோட்டிலுந்தான். கோட்டைக் கண்டே அதிகாரத்தை அறிந்துகொண்ட காலம் அது.

பொத்தானும் ஊசியும் நூலும் மலைக்கு வந்த வழிகள் இரண்டு. ஒன்று புகையிரதம். கொழும்பிலிருந்து வந்த பெரும்பாதை 1885இல் நானுஓயாவை எட்டியது. அங்கிருந்து கந்தப்பளை வழியாக ராகலை வரை ஒரு குறுகிய பாதை 1904இல் திறக்கப்பட்டு, 1940 வரை வண்டி ஓடியது. தேயிலைப் பெட்டி இறங்கிய பாதையிலே கடைச்சரக்கு ஏறியது. மற்றொரு வழி, லயம் லயமாக நடந்த புடைவை வியாபாரியின் மூட்டை. அந்நியர் தோட்டத்துள் காலெடுத்து வைக்க இயலாத நாளிலும் இம்மூட்டைக்குக் கதவு திறந்தது. 1931இல் அட்டனில் அகில இலங்கை இந்தியத் தோட்டத் தொழிலாளர் சம்மேளனத்தை நிறுவிய கோ. நடேசய்யர், அதற்கு முன்னரே புடைவை வியாபாரி வேடம் பூண்டுதான் தோட்டங்களுக்குட் புகுந்து தொழிலாளர் நிலையை நேரில் கண்டார். துணிமூட்டை தொழிற்சங்க வரலாற்றில் இடம்பெற்றது இவ்வாறு.

1927ஆம் ஆண்டுச் சட்டத்தின் வழியே 1929இல் குறைந்தபட்சக் கூலி நடைமுறைக்கு வந்தபோது, மலையுச்சித் தோட்டங்களில் நாளொன்றுக்கு ஆணுக்கு 54 சதமும், பெண்ணுக்கு 43 சதமும், சிறுவருக்கு 32 சதமும் விதிக்கப்பட்டன. இக்கூலியில் புதுச்சட்டை என்பது எந்நாளும் நடக்கும் காரியமன்று. தீபாவளிக்குத் தோட்டம் கொடுக்கும் முற்பணமே பலருக்குச் சட்டைத்துணியாயிற்று. பண்டிகை கழிந்தபின் பல மாதம் சம்பளத்தில் அது கழிக்கப்பட்டது. ஆகவே கடைவீதித் தையற்காரரிடம் அளவு கொடுத்தவன், இனி வரப்போகும் உழைப்பையும் அங்கேயே அளந்து கொடுத்தான் எனலாம்.

சிங்கர் நிறுவனம் 1877இலேயே கொழும்பில் கடை திறந்துவிட்டது. பின்னர் தையல் யந்திரம் மலைநாட்டுக் கடைவீதிகளையும் அடைந்தது. நேர்த்தையலை அது நொடியில் முடிக்கும். காஜாவை முடிக்கத் தெரியாது. 1881இல் அமெரிக்காவில் ஜோன் ரீஸ் பொத்தான்துளைக்கென்றே ஒரு யந்திரம் கண்டார். அது பெரிய ஆலைக்கு உரியது, சிறு கடைக்கு எட்டாதது. அதனாற் காஜா கையிலேயே தங்கிற்று. கடையில் தொழில் பழக வந்த பையனுக்கு முதற்பாடமும் அதுவே; கத்தரிக்கோலைத் தொட அவன் நெடுநாள் காத்திருக்க வேண்டும்.

வேலையோ எளிதன்று. முதலில் துளை, பிறகே பொத்தான். பொத்தானின் அகலத்தோடு அதன் தடிப்பையும் கூட்டியதே துளையின் நீளம். அதைச் சுற்றிச் சிறு ஓட்டுத்தையல் இட்டபின் இழையோடு இழையாக வெட்ட வேண்டும். வெட்டிய விளிம்பில் நூல் பிரியுமுன், தேன்மெழுகு பூசிய நூலால் நெருக்கமாகத் தைத்து, ஒவ்வொரு தையலின் முடிச்சும் விளிம்பின்மேலேயே அமரச் செய்தல் வேண்டும். நூலை இறுக்கி இழுத்தால் துணி சுருங்கும். தளர்த்தினால் துளை வாய் பிளக்கும். சட்டையின் மார்பில் துளை நெடுக்காகவும், கழுத்துப்பட்டியிலும் கைப்பட்டியிலும் குறுக்காகவும் அமையும். இழுப்பு எத்திசையிலோ அத்திசைக்கேற்பவே துளை. ஆடவர் சட்டையில் இடப்பக்கம் துளை, வலப்பக்கம் பொத்தான்.

பொத்தானைத் துணியோடு ஒட்டத் தைப்பவன் புதியவன். பழகியவன் பொத்தானின்மேல் ஒரு தீக்குச்சியை வைத்து, அதன்மேலாக நூலை ஓட்டித் தைப்பான். பின்பு குச்சியை உருவினால் நூல் தளரும். அத்தளர்வை அடியில் நாலைந்து சுற்றுச் சுற்றினால் ஒரு சிறு தண்டு உண்டாகும். மறுபாதித் துணியின் தடிப்பு தங்குவதற்கு இடம் அந்தத் தண்டுதான். அது இல்லாத பொத்தான், போடும்போதெல்லாம் துணியைக் கிழிக்கப் பார்க்கும்.

தமிழிலே தையல் என்னுஞ் சொல் பெண்ணையும் குறிக்கும். ஆயினும் கடைவீதியில் யந்திரத்தின் முன் அமர்ந்தவர் ஆடவரே. கொழுந்தெடுத்துத் திரும்பிய பெண்ணின் ஊசி கிழிசலுக்கும் உதிர்ந்த பொத்தானுக்கும் மட்டுமே பயன்பட்டது. அதற்குக் கூலியும் இல்லை, கணக்கும் இல்லை. 1978இல் கட்டுநாயக்கவில் சுதந்திர வர்த்தக வலயம் தொடங்கிற்று. 1992இல் கிராமப்புறங்களுக்கு 200 ஆடைத் தொழிற்சாலைகள் என்னும் திட்டம் வந்தது. மலைநாட்டு லயங்களிலிருந்தும் இளம்பெண்கள் ஆடைத் தொழிலுக்குப் புறப்பட்டனர். ஏற்றுமதி வருவாயில் தேயிலையை ஆடை முந்திவிட்டது. தாய் கொழுந்து பறித்த கையால், மகள் பிறநாட்டார் அணியும் சட்டைக்கு யந்திரத்தில் காஜா இட்டாள்.

அந்த யந்திரங்கள் பலவும் பொத்தானை ஒற்றை நூற் சங்கிலித் தையலால் வைக்கின்றன. விரைவுக்கு அது நன்று. நூலின் நுனியொன்று தளர்ந்தால் முழுவதும் கழன்றுவிடும். அப்படி உதிர்ந்த பொத்தான் லயத்து வாசலில் எடுத்து வைக்கப்பட்டு, மாலையில் ஓர் ஊசியும் தீக்குச்சியும் அதனைத் தேடி வருகின்றன.