எம்டனும் கடலடி முத்தும்



"எங்க அப்பா பெரிய எம்டன், டீச்சர்!" என்று என் வகுப்பு மாணவன் ஒருவன் ஒருநாள் சொன்னான். தந்தை மிகவும் கண்டிப்பானவர் என்பது அதன் பொருள். "எம்டன் என்றால் என்னப்பா?" என்று கேட்டேன். அவன் விழித்தான்; வகுப்பே விழித்தது. நம் பேச்சில் புழங்கும் இந்தச் சொல் ஒரு கப்பலின் பெயர். அந்தக் கப்பல் மூழ்கடித்த இரண்டு கப்பல்கள், நம் தைப்பிங்கிலிருந்து நூறு கிலோமீட்டருக்குள், பினாங்குக் கடலில் விழுந்தன. அந்தக் கதையையும், கடலுக்கடியில் கிடக்கும் கப்பல்களை மனிதர் சென்று காணும் முறையையும் இன்று அறிந்துகொள்வோம்.

1914ஆம் ஆண்டு முதல் உலகப் போர் தொடங்கியது. எம்டன் ஜெர்மானியப் போர்க்கப்பல். அதன் தலைவர் கார்ல் ஃபான் முல்லர். செப்டம்பர் 22ஆம் நாள் இரவு அது சென்னைத் துறைமுகத்தை நெருங்கி நூற்றுக்கும் மேற்பட்ட குண்டுகளை வீசியது. எண்ணெய்த் தொட்டிகள் பற்றி எரிந்தன. அஞ்சிய மக்கள் பலர் ஊரைவிட்டே ஓடினர். வந்த வேகத்தில் அடித்துவிட்டு மறைந்த அந்தக் கப்பலின் பெயர், யாருக்கும் அடங்காதவரைக் குறிக்கும் சொல்லாகத் தமிழில் நிலைத்துவிட்டது.

ஐந்து வாரங்கள் கழித்து, அக்டோபர் 28ஆம் நாள் விடியற்காலை, எம்டன் பினாங்குத் துறைமுகத்தினுள் நுழைந்தது. அதற்கு மூன்று புகைபோக்கிகளே உண்டு. நான்காவதாக ஒரு போலிப் புகைபோக்கியை நிறுத்தி, ஆங்கிலேயக் கப்பல் போல அது வேடமிட்டிருந்தது. உள்ளே நங்கூரமிட்டிருந்தது ரஷ்யப் போர்க்கப்பல் ஜெம்சுக். ரஷ்ய மொழியில் அந்தச் சொல்லுக்கு 'முத்து' என்று பொருள். கப்பல் தலைவர் கரையில் தங்கியிருந்தார், காவல் தளர்ந்திருந்தது. நீர்மூழ்கிக் குண்டுகள் இரண்டு பாய்ந்தன. சில நிமிடங்களில் முத்து கடலடிக்குச் சென்றது. எண்பதுக்கும் மேற்பட்ட மாலுமிகள் மாண்டனர். வெளியேறும் வழியில் எதிர்ப்பட்ட மூஸ்கே என்ற பிரெஞ்சுப் போர்க்கப்பலையும் எம்டன் மூழ்கடித்தது. ஆனால் நீரில் தத்தளித்த பிரெஞ்சு மாலுமிகளை அது நின்று காப்பாற்றியது. பகைவரும் போற்றிய செயல் அது.

நேயர்களே, நம் முன்னோரும் முத்துக்காகக் கடலடி கண்டவர்களே. மன்னார் வளைகுடாவில் முத்துக்குளிப்போர் காலில் கல்லைக் கட்டிக்கொண்டு, மூச்சடக்கி, கயிற்றைப் பற்றி இறங்கினர். அவர்களுக்கு வாய்த்தது ஒரு மூச்சளவு நேரமே. பின்னர் செம்புத் தலைக்கவசமும் ஈயக் காலணியும் அணிந்து, மேலிருந்து குழாய்வழி காற்றுப் பெற்று இறங்கும் முறை வந்தது. ஜெம்சுக்கின் பீரங்கிகள் சிலவற்றை மேலேற்றியது அந்தக் காலத்து முக்குளிப்பாளர்களே. 1943இல் பிரான்சு நாட்டில் கூஸ்தோ, கஞான் என்ற இருவர், முதுகில் சுமக்கும் காற்று உருளையிலிருந்து தேவைக்கேற்பக் காற்றுத் தரும் கருவியை உருவாக்கினர். ஸ்கூபா முக்குளிப்பு உலகெங்கும் பரவ அதுவே வழிவகுத்தது.

ஆயினும் கடல் தன் விதியை மாற்றிக்கொள்வதில்லை. பத்து மீட்டர் ஆழத்திற்கு ஒரு மடங்காக அழுத்தம் கூடும். முப்பது மீட்டரில் அது தரையில் உள்ளதைப்போல் நான்கு மடங்கு. அந்த அழுத்தத்தில் காற்றிலுள்ள நைட்ரஜன் இரத்தத்தில் கரைகிறது. அவசரமாக மேலே வந்தால், சோடாப் புட்டியைத் திறந்ததுபோல் உடலுக்குள் குமிழிகள் கிளம்பும், உயிருக்கே ஆபத்து. ஆகவே மெல்ல மெல்லத்தான் ஏறவேண்டும். பொழுதுபோக்காக முக்குளிப்போருக்கு நாற்பது மீட்டரே எல்லை.

நம் பேராக் கடலிலும் இந்தக் காட்சி உண்டு. லூமுட்டுக்கு அப்பால் செம்பிலான் தீவுகளையும் ஜாரக் தீவையும் சுற்றிப் பவளப்பாறைகள் உள்ளன. பவளப்பூச்சி பற்றி வளரக் கெட்டியான தளம் வேண்டும். மலாக்கா நீரிணையின் அடித்தளமோ பெரும்பாலும் சேறு. அங்கே மூழ்கிய கப்பல் ஒன்று கிடந்தால், அந்த இரும்பே பாறையாகிவிடும். பவளமும் சிப்பியும் ஒட்டும். களவா மீன்கள் குடியேறும். மனிதன் போருக்குக் கட்டியது மீனுக்கு வீடாகிறது.

ஆனால் அது கல்லறையும் ஆகும். 1945 மே 16ஆம் நாள் ஜப்பானியப் போர்க்கப்பல் ஹகுரோ பினாங்குக்கு அப்பால் மூழ்கியது. ஏறத்தாழ தொள்ளாயிரம் பேர் மாண்டனர். அறுபது மீட்டருக்கும் கீழே கிடந்த அதனை 2003இல் முக்குளிப்பாளர்கள் கண்டுபிடித்தனர். குவாந்தானுக்கு அப்பால், 1941 டிசம்பர் 10ஆம் நாள் மூழ்கிய ஆங்கிலேயக் கப்பல்கள் பிரின்ஸ் ஆஃப் வேல்ஸ், ரிப்பல்ஸ் ஆகியவற்றில் 840 பேர் உயிரிழந்தனர். இந்தக் கல்லறைகளைப் பிளந்து, பழைய இரும்பாக விற்கும் கொள்ளை நம் கடலில் நடக்கிறது. 2023இல் ஜொகூர் கடற்பகுதியில் பிடிபட்ட வெளிநாட்டுக் கப்பலில் துருப்பிடித்த இரும்பும் பழைய பீரங்கிக் குண்டுகளும் கிடைத்தன. நம் நாட்டின் 2005ஆம் ஆண்டு தேசிய மரபுடைமைச் சட்டம் நீருக்கடியில் உள்ள பழம்பொருள்களையும் காக்கிறது. ஆனால் சட்டத்துக்குக் கடலடியில் கண் இல்லை. நம் மனச்சான்றே அதன் கண்.

எம்டன் என்னவாயிற்று? அதே 1914 நவம்பர் 9ஆம் நாள், கோகோஸ் தீவுகளருகே ஆஸ்திரேலியக் கப்பல் சிட்னியால் தாக்கப்பட்டு, பவளப்பாறையில் மோதி முடிந்தது.

ஜெம்சுக் மாலுமிகளுக்குப் பினாங்கில் நினைவுத் தூண் இருக்கிறது. ஜெரெஜாக் தீவிலும் கல்லறை உண்டு. தமிழகத்திலிருந்து கப்பலேறி வந்த நம் பாட்டன் பாட்டிமார், நோய்த்தடுப்புக் காவலில் வைக்கப்பட்டிருந்ததும் அதே ஜெரெஜாக் தீவில்தான். எங்கிருந்தோ வந்த ரஷ்ய மாலுமியும் நாகப்பட்டினத்துக் கரையை விட்டு வந்த நம்மவரும் ஒரே தீவின் மண்ணை மிதித்தனர். சிலர் அங்கேயே உறங்குகின்றனர்.

இதைச் சொல்லி முடித்தபோது அந்த மாணவன், "அப்போ அந்தக் கப்பலைத் தொடக் கூடாதா, டீச்சர்?" என்றான். "பார்க்கலாம், படிக்கலாம், எடுக்கக் கூடாது" என்றேன். நூலகத்துப் புத்தகத்திலிருந்து ஒரு தாளைக் கிழித்தால் அடுத்துப் படிப்பவருக்கு அது இல்லை. கடலடியும் அத்தகைய நூலகமே.