சென்னப்பட்டணத்தின் முதல் மேயர்

மாமல்லபுரத்துக் கோபுரங்களைக் கடலிலிருந்தே அடையாளங்கண்டு, அவ்விடத்தை ஏழு கோயில்கள் என்றழைத்து, வடதிசை நோக்கிக் கப்பல் செலுத்திய ஐரோப்பிய மாலுமிகளின் காலத்தில், செங்கற்பட்டுச் சீமையின் கடற்கரைக்கு வடக்கே வளர்ந்துவந்த சென்னப்பட்டணத்துக்கு, 1688-ஆம் ஆண்டு செப்டம்பர் 29-ஆம் தேதி முதல் மேயராகப் பதவியேற்ற நத்தானியேல் ஹிக்கின்சன், இங்கிலாந்திலே பிறந்தவரல்லர். 1652-இல் அமெரிக்காவின் கனெக்டிகட்டிலுள்ள கில்ஃபோர்டில் ஜனித்து, ஹார்வர்டு கலாசாலையில் பட்டம் பெற்று, 1683 வாக்கில் கிழக்கிந்தியக் கும்பினி உத்தியோகஸ்தராய் இங்கு வந்தவர்.

அவரோடு நியமனம் பெற்ற பன்னிரண்டு நகரசபை உறுப்பினர்களான ஆல்டர்மன்களில் ஆங்கிலேயர் மூவர் மட்டுமே. பிரெஞ்சுக்காரர், போர்த்துகீசியர், யூத வர்த்தகர் ஆகியோருக்குச் சமமாக, தங்கசாலைத் தெரு ஏகாம்பரேசுவரர் ஆலயத்தை எழுப்பிய ஆலங்காத்தா பிள்ளை உட்பட இந்து வணிகர் மூவரும் அச்சபையில் ஆசனம் பெற்றிருந்தனர் என்பதே, இச்சரித்திரத்தில் என் உள்ளத்தைப் பெரிதும் கவர்வது. ஆயினும் அச்சபைக்கு நகரவாசிகளிடம் வரி வசூலிப்பதோ எளிதாயில்லை.

மேயர் பதவியில் ஹிக்கின்சன் நீடித்தது சில மாதங்களே. பாஸ்டனிலே பிறந்த எலிஹு யேல் 1692-இல் கவர்னர் பதவியை இழக்க, அந்த ஸ்தானம் ஹிக்கின்சனை வந்தடைந்தது. அடுத்த ஆண்டிலேயே எழும்பூர், புரசைவாக்கம், தண்டையார்பேட்டை ஆகிய கிராமங்கள் கும்பினியின் வசமாயின. 1698-இல் பதவி நீங்கி இங்கிலாந்து திரும்பிய அவர், 1708-இல் லண்டனில் பெரியம்மையினால் காலமானார்.