காரைக்காலில் அயற்கூற்று

காரைக்கால் 1739இல் பிரெஞ்சுக்காரர் வசமாயிற்று. 1954 நவம்பர் முதல் நாள் இந்திய நிருவாகத்தின்கீழ் வந்தது. சட்டப்படியான இணைப்பு 1962 ஆகஸ்ட் 16இல்தான். சுற்றியிருந்த தஞ்சை மாவட்டத்தில் ஆங்கிலம் வகித்த இடத்தை இங்கே பிரெஞ்சு வகித்தது. இணைப்புக்காக 1956இல் கையெழுத்தான ஒப்பந்தமும், மக்கள் பிரதிநிதிகள் வேறு முடிவெடுக்கும்வரை பிரெஞ்சே ஆட்சிமொழி என்றது.

ஆங்கிலம் பயிலும் நம் பிள்ளைகளைத் திணறடிக்கும் அயற்கூற்றை இந்தப் பின்னணியில் பார்த்தால் ஒரு வேடிக்கை புலப்படும். "நாளை வருவேன்" என்று ஒருவன் சொன்னதை அயற்கூற்றாக்கும்போது ஆங்கிலத்தில் 'வில்' 'வுட்' ஆகிவிடும். சொன்னது இறந்தகாலமானால், உள்ளிருக்கும் வினையும் ஒருபடி பின்செல்ல வேண்டும். பிரெஞ்சிலும் இதுவே வழக்கம். எனவே பிரெஞ்சு கற்ற காரைக்கால்காரருக்கு அவ்விதி புதிதன்று; தமிழ் மட்டும் அறிந்து வந்தவருக்கே இடறல்.

தமிழில் காலம் நகர்வதில்லை. "தான் மறுநாள் வருவதாகச் சொன்னான்" என்னும்போது 'நான்' தானாயிற்று, 'நாளை' மறுநாளாயிற்று. வருகை எதிர்காலத்திலேயே நிற்கிறது. நேர்க்கூற்றுக்கோ 'என்று' போதும். (தொல்காப்பிய இடையியல் 'என' என்பதற்கு ஆறு பொருள் வகுத்து, 'என்று' என்பதும் அத்தகையதே என்கிறது. அந்த ஆறில் பேச்சு தனியே இடம்பெறவில்லை!) இந்த வேறுபாட்டை முதல் நாளே சொல்லாமல் 'வில்–வுட்' பட்டியலை மனப்பாடம் செய்விப்பது வீண்வேலை.

ஓரிடத்தில் ஆங்கிலத்தைவிடத் தமிழே கூர்மையானது என்பேன். 'தான்' சொன்னவனையே சுட்டும். ஆங்கில 'ஹி' சொன்னவனா, மூன்றாமவனா என்பதைச் சொல்லாது.