டிஃபைனா, கான்ஸ்ட்டா?

நெமிலியில் ஒரு செருப்புக் கடைக்குப் பிஎச்பியில் பில் போடும் நிரல் எழுதுவதாக வைத்துக்கொள்வோம். ஜிஎஸ்டி மாநிலக் குறியீடு 33, மாவட்டத்தின் பெயர், வரி விகிதம், டேட்டாபேஸ் பாஸ்வேர்டு என்று மாறாதவைபோலத் தெரியும் மதிப்புகள் சில வரும். அவற்றை மாறிலியாக்க அந்த மொழியில் இரண்டு வழிகள்: டிஃபைன், கான்ஸ்ட்.

டிஃபைன் ஒரு ஃபங்ஷன். நிரல் ஓடி அந்த வரியைத் தொடும்போதுதான் மாறிலி உருவாகும். ஆகவே அதை இஃபுக்குள் வைக்கலாம். பெயரைக்கூட ஓடும்போதே கோத்துக்கொள்ளலாம். வேர்ட்பிரஸ் தன் கான்ஃபிக் கோப்பில் இன்றும் இதைத்தான் நம்புகிறது: ஏற்கெனவே வரையறுக்கப்படவில்லை என்றால் மட்டும் வரையறு என்பதை இதில்தான் எழுத முடியும். கான்ஸ்ட்டை இஃபுக்குள் எழுதினால் பார்ஸ் எரர், கோப்பே ஓடாது. கிளாஸுக்கு வெளியே கான்ஸ்ட் எழுத இடம் கிடைத்ததே 2009இல் வந்த 5.3 பதிப்பில்தான். கிளாஸுக்குள்ளோ அது ஒன்றுதான் வழி, டிஃபைனுக்கு அங்கே வேலை இல்லை.

இந்தக் கண்டிப்புதான் எனக்குக் கான்ஸ்ட்டைப் பிடிக்கக் காரணம். டிஃபைனில் பெயர் மேற்கோள் குறிக்குள் வரும் வெறும் எழுத்துச்சரம். 'ஜிஎஸ்டி-ரேட்' என்று நடுவில் கோடு போட்டாலும் முணுமுணுக்காமல் ஏற்றுக்கொள்ளும். பிறகு அந்தப் பெயரை நிரலில் எழுதினால், ஜிஎஸ்டியிலிருந்து ரேட்டைக் கழிக்கச் சொல்வதாக எடுத்துக்கொள்ளும். கான்ஸ்ட்டில் அதே பிழை எழுதிய வரியிலேயே அகப்பட்டுவிடும். (மாறிலிக்குத் தமிழிலேயே பெயர் வைக்கலாம், பிஎச்பி மறுக்காது. வைப்பவர்கள்தான் குறைவு.)

கிளாஸுக்கு வெளியே, வரையறுக்காத பெயரைப் பயன்படுத்தும்போது இரண்டுக்கும் ஒரே கதிதான். முன்பெல்லாம் ஒரு நோட்டீஸோடு விட்டுவிட்டு அந்தப் பெயரையே மதிப்பாக எடுத்துக்கொள்ளும். எழுத்துப் பிழை பில்லிலேயே அச்சாகும். 2020இல் வந்த 8.0 பதிப்பு எரர் காட்டி நிறுத்திவிடுகிறது.

ஆக, 33க்குக் கிளாஸுக்குள் ஒரு கான்ஸ்ட். சர்வருக்கு சர்வர் வேறுபடும் பாஸ்வேர்டுக்கு, கான்ஃபிக் கோப்பில் டிஃபைன். மாவட்டத்துக்கும் வரிக்கும்? இரண்டும் வேண்டாம். வேலூர் மாவட்டத்தில் இருந்த நெமிலி 2019 நவம்பர் 28 முதல் ராணிப்பேட்டை மாவட்டம். செருப்பு வரியோ அதைவிட அலைக்கழிப்பு. 2018 ஜூலை முதல் 1,000 ரூபாய் வரையிலான ஜோடிக்கு 5 சதவீதம். 2022 ஜனவரி 1இல் அது 12 ஆனது. 2025 செப்டம்பர் 22 முதல் 2,500 ரூபாய் வரை மறுபடி 5.

மாறிலியின் மதிப்பைத் திருத்தினால் புதிய பில் சரியாக வரும், பழைய பில் கெட்டுப்போகும். 900 ரூபாய் செருப்பை 2021இல் விற்ற பில்லை மறுபடி எடுத்தால் 5 சதவீதம் காட்ட வேண்டும். 2023இல் விற்றதற்கு 12. அதற்கு எந்தத் தேதி முதல், எந்த விலை வரை, எத்தனை சதவீதம் என்று டேட்டாபேஸில் ஒரு டேபிள் போட்டு, பில் தேதியைக் கொண்டு தேடி எடுப்பதுதான் வழி.