ஓட்டுக் கேட்காதவரின் பேச்சு: நொய்யல் வட்டாரத்தில் அரசியல் அவநம்பிக்கையின் வரலாறு (1970–2024)

"எவன் வந்தாலும் நாம உழைச்சாத்தானுங்க சோறு." திருப்பூர் வட்டாரத்தில் தேர்தல் பேச்சு எழும் இடமெல்லாம், பனியன் கம்பெனியானாலும் தோட்டத்துச் சாளையானாலும், இந்தப் பதிலைக் கேட்கலாம். இதை அரசியல் அக்கறையின்மை என்று வெளியூர்க்காரர்கள் எளிதாக எழுதிவிடுகிறார்கள். வாக்குப்பதிவுக் கணக்கு அதற்கு ஒத்துவரவில்லை. 2024 மக்களவைத் தேர்தலில் தென்சென்னையும் மத்திய சென்னையும் 54 விழுக்காட்டை ஒட்டி நின்றபோது, திருப்பூர்த் தொகுதி 70 விழுக்காட்டைத் தாண்டியது. அரசியல்வாதியை நம்பாதவர்கள்தான் வரிசையில் நின்று ஓட்டுப் போட்டிருக்கிறார்கள். இந்த நம்பாமைக்கு அரை நூற்றாண்டு வரலாறு உண்டு. ஓட்டுக் கேட்காதவர் பேசினால் இவ்வட்டாரம் காது கொடுக்கும். அவரே ஓட்டுக் கேட்டு வந்துவிட்டால் அந்தக் காது பாதி மூடிக்கொள்ளும் என்பதே அந்த வரலாற்றிலிருந்து நான் எடுக்கும் முடிவு.

தொடக்கத்தைப் பெருமாநல்லூரில் வைக்கலாம். மின்கட்டண உயர்வை எதிர்த்துத் திரண்ட விவசாயிகள்மீது 1970 ஜூன் 19 அன்று அங்கே போலீசார் சுட்டதில் மூவர் இறந்தனர். உயர்வு பைசாக் கணக்கில்தான். ஆனால் ஆழக் கிணற்றிலிருந்து மோட்டார் வைத்து நீர் இறைத்துப் பருத்தி விளைவித்த பூமியில், ஒவ்வொரு பைசாவும் வெள்ளாமைக் கணக்கில் ஏறும். அந்தப் போராட்டத்திலிருந்து எழுந்தவர் கோவை வையம்பாளையம் நாராயணசாமி நாயுடு. 1972இல் கோவை நகரத்துக்குள் மாட்டு வண்டிகளைக் கொண்டுவந்து நிறுத்திப் போக்குவரத்தை முடக்கிய போராட்டமும் அவர் தலைமையில்தான் நடந்தது. அவருடைய கோரிக்கைகள் கணக்கில் அடங்கியவை: யூனிட்டுக்கு எவ்வளவு, கடன் எவ்வளவு, ஜப்தி நிற்குமா நிற்காதா. மேடைத் தமிழின் அடுக்குமொழி உச்சத்தில் இருந்த காலத்தில், இந்தக் கணக்குப் பேச்சுக்குக் கூட்டம் கூடியது என்பதை நம் அரசியல் வரலாற்றாசிரியர்கள் போதிய அளவு கவனிக்கவில்லை.

1982இல் அவர் இந்திய விவசாயிகள் உழைப்பாளர் கட்சியைத் தொடங்கினார். அவருடைய விவசாயிகள் சங்கத்தின் பின்னால் திரண்ட ஊர்கள் கட்சியின் பின்னால் வரவில்லை. 1984 டிசம்பரில் அவர் காலமானார். அதன்பின் சங்கமே பல துண்டுகளானது. கோரிக்கை மட்டும் பிழைத்துக்கொண்டது. எம்.ஜி.ஆர். ஆட்சி 1984இல் சிறு விவசாயிகளுக்கும், கருணாநிதி ஆட்சி 1990 வாக்கில் எல்லா விவசாயிகளுக்கும் இலவச மின்சாரம் கொடுத்தன. ஆளும் கட்சியிடமிருந்து கோரிக்கையைக் கறந்துகொண்டு, அதை எழுப்பியவரை ஓட்டில் கைவிட்டார்கள் என்று சொன்னால் கசப்பாக இருக்கும். ஆனால் நடந்தது அதுதான். இதை நன்றிகெட்டதனம் என்று நான் எண்ணவில்லை. பதவிக்கு நிற்கிறார் என்றதுமே அவர் பேச்சுக்கும் மற்றவர் பேச்சுக்கும் ஒரே தராசைத் தூக்கினார்கள்.

அதே 1984இல் திருப்பூர் நகரத்துக்குள் பனியன் தொழிலாளர்கள் பஞ்சப்படி கேட்டு 127 நாள் வேலைநிறுத்தம் செய்தார்கள். இங்கும் நம்பிக்கை வைத்தது வாக்குறுதியில் அல்ல, கையெழுத்தில். முதலாளிகள் சங்கங்களும் தொழிற்சங்கங்களும் உட்கார்ந்து போடும் சம்பள ஒப்பந்தம் இன்றுவரை இத்தொழிலின் அரசியல் ஆவணம். அந்த வேலைநிறுத்தத்துக்குப் பிறகு உற்பத்தி சின்னச் சின்ன யூனிட்டுகளாகவும் ஜாப் ஒர்க்காகவும் சிதறி, ஒப்பந்தம் எட்டாத பீஸ் ரேட் ஆட்கள் பெருகினார்கள் என்பது வேறு கதை. தொழிற்சங்க மேடையிலிருந்து வந்தவர்கள் இங்கே தேர்தலிலும் வென்றிருக்கிறார்கள். இந்தியக் கம்யூனிஸ்ட் கட்சியின் கே. சுப்பராயன் 1996இல் சட்டமன்றத்துக்கும், 2004இல் கோவையிலிருந்தும் 2019, 2024இல் திருப்பூரிலிருந்தும் மக்களவைக்கும் போனார். மார்க்சிஸ்ட் கட்சியின் கே. தங்கவேல் 2011இல் திருப்பூர் தெற்கில் வென்றார். என் வாதத்துக்கு இவை எதிர்ச்சான்றா? ஓரளவுக்கு ஆம். ஆனால் ஒவ்வொரு முறையும் ஏதோ ஒரு திராவிடக் கட்சியின் கூட்டணி பின்னால் இருந்தது. அதைக் கழித்துவிட்டு நேர்மைக்கு எத்தனை ஓட்டு என்று பிரித்துச் சொல்ல முடியாது.

நம்பாமை தன் உச்ச வடிவத்தைக் கண்டது மொடக்குறிச்சியில். 1996 சட்டமன்றத் தேர்தலில் ஈரோட்டை ஒட்டிய அந்தத் தொகுதியில் 1,033 பேர் போட்டியிட்டார்கள். பெரும்பாலோர் தங்கள் கோரிக்கைகளை யாரும் கண்டுகொள்ளவில்லை என்று மனுப் போட்ட விவசாயிகள். வாக்குச்சீட்டைப் புத்தகமாக அச்சடிக்க வேண்டியிருந்தது, வாக்குப்பதிவே தள்ளிப்போனது. தி.மு.க.வின் சுப்புலட்சுமி ஜெகதீசன் எளிதாக வென்றார். வேட்பாளர்களில் 88 பேருக்கு ஒரு ஓட்டுகூட விழவில்லை. தம் ஓட்டைக்கூடத் தமக்குப் போட்டுக்கொள்ளாத வேட்பாளர்கள் அவர்கள். தேர்தலுக்கு உள்ளே நின்றுகொண்டே ஓட்டுக் கேட்காமல் பேசுவதற்கு அவர்கள் கண்டுபிடித்த வழி இது. வாக்குறுதி ஒன்றுமில்லை, பெயர்ப் பட்டியலே பேச்சு.

டெல்லி அதைக் கேட்டது, ஆனால் வேறுவிதமாக. 1996ஆம் ஆண்டுச் சட்டத் திருத்தம் சட்டமன்ற வேட்பாளரின் டெபாசிட்டை 250 ரூபாயிலிருந்து 5,000 ஆக்கியது; அங்கீகரிக்கப்பட்ட கட்சி சாராதவருக்குப் பத்து முன்மொழிவோர் வேண்டும் என்றது. நல்கொண்டாவிலும் பெல்காமிலும் அதே ஆண்டு மக்களவைத் தேர்தலில் நூற்றுக்கணக்கானோர் நின்றதும் இதற்குக் காரணம். கோரிக்கைக்குப் பதில் சொல்வதைவிடக் கோரிக்கை வைக்கும் வழியை விலையேற்றுவது சுலபமாக இருந்தது. ஆனாலும் அந்த உத்தி சாகவில்லை. 2019இல் தெலங்கானாவின் நிஜாமாபாத்தில் மஞ்சள் விவசாயிகள் திரண்டு நின்றதில் வேட்பாளர் எண்ணிக்கை 185 ஆனது. மஞ்சள் வாரியம் கொண்டுவராவிட்டால் பதவி விலகுவேன் என்று பா.ஜ.க. வேட்பாளர் தர்மபுரி அரவிந்த் முத்திரைத்தாளில் எழுதிக் கொடுத்து வென்றார். பேச்சுக்கு மதிப்புப் போய்விட்ட இடத்தில் பத்திரம் வந்து உட்கார்ந்துகொள்கிறது.

நொய்யல் ஆற்றுக்கு அந்தப் பத்திரமும் கிடைக்கவில்லை. பாசனத்துக்காக 1992இல் கட்டிய ஒரத்துப்பாளையம் அணை, திருப்பூர்ச் சாயப்பட்டறைகளின் கழிவுநீர் தேங்கும் குட்டையானது. கீழ்மடை விவசாயிக்கும் ஓட்டு உண்டு. சாயப்பட்டறைக்காரருக்கும், அங்கே வேலைபார்ப்பவருக்கும் உண்டு. ஒருவரிடம் நேர்மையாகப் பேசினால் மற்றவரை இழக்க வேண்டும் என்ற நிலையில் கட்சி மேடைகள் ஆற்றைப் பற்றிப் பொதுவாக வருத்தப்பட்டன. இந்த மௌனத்தைக் கட்சிகளின் கோழைத்தனம் என்று மட்டும் தள்ளிவிட எனக்கு மனமில்லை. உண்மையைச் சொன்னால் தோற்கும்படி தொகுதிக் கணக்கு அமைந்திருந்தது. ஆயக்கட்டு விவசாயிகள் உயர்நீதிமன்றத்துக்குப் போனார்கள். 2006 தீர்ப்பு ஒரு சொட்டுக் கழிவுநீரும் ஆற்றில் விழக்கூடாது என்றது. 2011 ஜனவரியில் சாயப்பட்டறைகளை மூடும் உத்தரவு வந்தது. சட்டமன்றத் தேர்தலுக்கு மூன்று மாதம்கூட இல்லாத நேரத்தில் நகரத்தின் சாயத் தொழில் நின்றது. எந்தக் கட்சியும் வாய்விட்டுச் சொல்லாததை, ஓட்டுக் கேட்கத் தேவையில்லாத நீதிபதிகள் சொன்னார்கள்.

நம்பாமையைப் பதிவுசெய்ய அரசே ஒரு பொத்தானைக் கொடுத்தது அதற்குப் பிறகுதான். யாருக்கும் ஓட்டில்லை என்று பதிய இடம்தரும் தேர்தல் விதி 49-ஓவைப் பற்றிப் பத்திரிகையாளர் ஞாநி முன்பே ஓயாமல் எழுதிவந்தார். ஆனால் அதைப் பயன்படுத்த வாக்குச்சாவடி அலுவலரிடம் வாய்விட்டுச் சொல்ல வேண்டும், ரகசியம் போய்விடும். 2013 செப்டம்பரில் உச்சநீதிமன்றம் நோட்டாவுக்கு உத்தரவிட்டது. அடுத்த ஆண்டு மக்களவைத் தேர்தலில் தமிழ்நாட்டிலேயே அதிகமாக, 46 ஆயிரத்துக்கும் மேல் நோட்டா விழுந்தது நீலகிரித் தொகுதியில். திருப்பூர் மாவட்டத்து அவிநாசி அந்தத் தொகுதிக்குள் அடங்கும். இதை மொடக்குறிச்சியின் வாரிசு என்று எழுத ஆசைதான். ஆனால் அங்கே பா.ஜ.க. வேட்பாளரின் மனு தள்ளுபடியாகியிருந்தது. ஆளில்லாமல் போன ஓட்டில் கணிசமான பகுதி அந்தப் பொத்தானுக்குப் போயிருக்கும்.

அவிநாசிக்கு வேறொரு நெடுங்கணக்கு உண்டு. அத்திக்கடவு–அவிநாசித் திட்டம் தலைமுறைகளாகத் தேர்தல் அறிக்கையில் குடியிருந்தது. 2016 பிப்ரவரியில் மக்கள் அவிநாசியில் உண்ணாவிரதம் இருந்தார்கள். 2019 மக்களவைத் தேர்தலுக்குச் சில வாரம் முன் எடப்பாடி பழனிசாமி அடிக்கல் நாட்டினார். அவர் கட்சி திருப்பூரில் தோற்றது. 2024 ஆகஸ்டில், தேர்தல் முடிந்த பிறகு, மு.க. ஸ்டாலின் தொடங்கிவைத்தார். காளிங்கராயன் அணைக்கட்டுக்குக் கீழிருந்து பவானியின் உபரிநீரை 1,045 குளம் குட்டைகளுக்கு ஏற்றும் திட்டம் அது. இந்தக் குளங்களில் எத்தனை நிரம்பின என்பதைத்தான் இப்போது ஊர்க்காரர்கள் எண்ணுகிறார்கள், யார் கொண்டுவந்தார் என்பதை அல்ல.

இந்த வரலாற்றில் இடமே பெறாத ஒரு கூட்டம் இன்று பனியன் தொழிலின் பாதிச் சுமையைத் தூக்குகிறது. பீகாரிலிருந்தும் ஒடிசாவிலிருந்தும் வந்து செக்கிங்கிலும் பவர்டேபிளிலும் வேலைபார்ப்பவர்களில் பலருக்கு ஓட்டு சொந்த ஊரில். தேர்தல் நாளில் ரயில் கட்டணமும் இழக்கும் கூலியும் சேர்ந்தால் அந்த ஓட்டு கட்டுபடியாகாது. அவர்களிடம் உண்மை பேச யாரும் வருவதில்லை. பொய் பேசவும் யாருக்கும் அவசியமில்லை. இருக்கும் ஊரிலிருந்தே சொந்தத் தொகுதிக்கு வாக்களிக்க, 72 தொகுதிகளைக் கையாளும் எந்திரம் ஒன்றைக் காட்டத் தேர்தல் ஆணையம் 2023 ஜனவரியில் கட்சிகளை அழைத்தது. எதிர்க்கட்சிகள் மறுத்தன, திட்டம் அத்துடன் நிற்கிறது.