பெயர்களும் வாசல்களும்

போடியில் ஏலக்காய் தரம் பிரிக்கும் வேலைக்கு முப்பது ஆண்டுகள் போனவள் என் அம்மா. 1928இல் மதுரையிலிருந்து போடிக்கு ரயில்பாதை வந்ததே பெரிதும் மலைச்சரக்குக்காகத்தான். அம்மா கைபட்ட காய் எந்தெந்த ஊருக்கோ போனது; அம்மா மதுரையைத் தாண்டியதில்லை. 2010 இறுதியில் அகலப்பாதைப் பணிக்காக நின்ற ரயில், 2022இல் தேனிக்கும் 2023இல் போடிக்கும் திரும்பியது. போடியிலிருந்து சென்னை சென்ட்ரலுக்கே நேராக வண்டி விட்டதும் அம்மாவை அழைத்துச் சென்றேன்.

1873இல் எழுந்த அந்தச் சிவப்பு நிலையத்தின் வாசலில் நின்று ஒவ்வொன்றாகக் காட்டினேன். நிலையத்துக்கு இப்போது எம்.ஜி.ஆர். பெயர். அருகே 1913இல் கட்டிமுடித்த வெள்ளை மாளிகைக்கு ரிப்பன் பிரபுவின் பெயர். 1985இல் எரிந்துபோன சந்தைக்கு மாநகராட்சித் தலைவர் மூரின் பெயர். எதிரே ராஜீவ் காந்தி மருத்துவமனை.

“அம்புட்டும் ஆம்பளைக பேராவுல்ல இருக்கு” என்றாள் அம்மா.

ஒரு பெண் பெயரும் உண்டு. ரிப்பன் கட்டடத்துக்குப் பக்கத்தில் சிஷோம் வடிவமைத்த செங்கல் மண்டபம், விக்டோரியா பப்ளிக் ஹால். 1891இல் பம்மல் சம்பந்த முதலியார் தொடங்கிய சுகுண விலாச சபை நாடகம் போட்ட இடம். படித்த ஆண்கள் நடித்த அச்சபையில் பெண் வேடங்களையும் ஆண்களே கட்டினார்கள். மேடையேறும் பெண்ணைக் குடும்பப் பெண்ணாக ஊர் மதிக்காத காலம். கடல் கடந்த ராணியின் பெயரைக் கட்டடத்துக்கு வைக்க முடிந்தது. உள்ளூர்ப் பெண்ணை மேடையேற்ற முடியவில்லை.

ஆகவே நான் பெயர்களை விட்டுவிட்டு வாசல்களைப் பார்க்கிறேன். எதிரிலுள்ள மருத்துவக் கல்லூரியில் 1875இல் நான்கு பெண்கள் சேர்ந்தார்கள். அவர்களில் ஒருவரான மேரி ஷார்லீப், ஆண் மருத்துவரிடம் காட்டமாட்டாமல் பிரசவத்தில் பெண்கள் சாவதை அறிந்து படிக்க வந்தவர். 1907இல் புதுக்கோட்டையிலிருந்து முத்துலட்சுமி வந்து சேர்ந்தார். 1912இல் மருத்துவராக வெளியே வந்தார். ரிப்பன் கட்டடத்துக்குப் பெண் மேயராகத் தாரா செரியன் வர 1957 ஆயிற்று. ஒரு தலித் பெண், பிரியா, அந்த நாற்காலியில் அமர 2022 வரை, 109 ஆண்டுகள், காத்திருக்க வேண்டியிருந்தது.

சொல்லச் சொல்லக் கேட்டுக்கொண்டிருந்த அம்மா, “அந்தப் புதுக்கோட்டைப் புள்ள படிச்ச எடத்தக் காட்டு” என்றாள்.

சாலையைக் கடந்தோம். வெள்ளை அங்கியைக் கையில் மடித்துப் போட்டபடி மாணவிகள் வெளியே வந்துகொண்டிருந்தார்கள். அம்மா அவர்களை எண்ணத் தொடங்கினாள். கொஞ்ச நேரத்தில், எண்ணி மாளாது என்று விட்டுவிட்டாள்.