தொலைதூர வானொலியும் புனே நகரமும்

பிழைப்பை நாடிப் பிற மாநிலங்களில் குடியேறிய தமிழ்க் குடும்பங்கள் பலவற்றில், ஒரு காலத்தில், இரவு உணவு முடிந்ததும் நிகழும் சடங்கு ஒன்று இருந்தது. வீட்டுப் பெரியவர் வானொலிப் பெட்டியின் அருகில் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு, திருகை மயிரிழை அளவாக நகர்த்துவார். பகல் முழுதும் இரைச்சல் மட்டுமே வந்த இடத்தில், இருட்டிய பின்னர், தமிழ் செவியில் விழும். புனேயில் ராஸ்தா பேட்டையிலும் கட்கியிலும் வாழ்ந்த நம்மவர்க்கு, ஏறத்தாழ ஆயிரம் கிலோமீட்டர் தொலைவிலுள்ள திருச்சிராப்பள்ளி அவ்வாறுதான் இரவுதோறும் அருகே வந்தது. அந்த நிலையம் 1939ஆம் ஆண்டு மே 16ஆம் நாள் தொடங்கப்பெற்றது.

பகலில் கேளாத நிலையம் இரவில் கேட்பது எவ்வாறு? வானத்தின் உயரத்தில், கதிரவனின் ஒளியால் மின்னூட்டம் பெற்ற காற்றடுக்குகள் உள்ளன. அவற்றுள் தாழ்வான அடுக்கு பகலில் மத்திய அலையை உறிஞ்சிவிடுகிறது. கதிரவன் மறைந்ததும் அவ்வடுக்கு கலைந்துவிடும். அப்போது அலைகள் மேலேறி, உயரத்திலுள்ள அடுக்கில் பட்டுத் தெறித்து, தொலைவில் வந்து இறங்கும். சிற்றலையோ பகலிலும் இவ்வாறு தெறித்துப் பல ஆயிரம் கிலோமீட்டர் செல்லவல்லது. இத்தகைய அடுக்கு இருத்தல் வேண்டும் என்று 1902ஆம் ஆண்டில் கென்னலியும் ஹெவிசைடும் தனித்தனியே கூறினர். 1924ஆம் ஆண்டில் ஆப்பிள்டன் என்னும் ஆங்கிலேய அறிஞர் சோதனையால் அதை மெய்ப்பித்து, 1947ஆம் ஆண்டில் நோபல் பரிசு பெற்றார்.

பெரும்பாலோர் கேட்டு மகிழ்ந்ததோடு நின்றனர். சிலர் அதற்கு மேலும் ஓர் அடி சென்றனர். தாம் கேட்டதை எழுதி நிலையத்திற்கு அனுப்பி, 'ஆம், நீர் கேட்டது எம்மையே' என்று அந்நிலையம் கூறும் அட்டையைப் பெற்றுச் சேர்த்து வைத்தனர். இப்பொழுதுபோக்கின் வரலாற்றையும், அதில் நாம் வாழும் புனே நகரத்திற்கு உள்ள பங்கையும் இங்குச் சிறிது காண்போம்.

தொலைதூர நிலையங்களைத் தேடிக் கேட்பதற்கு 'டி.எக்ஸ்.' என்று பெயர். தொலைவைக் குறிக்கும் ஆங்கிலச் சொல்லின் முதலெழுத்தும், அறியப்படாததைக் குறிக்கும் எழுத்தும் சேர்ந்தது அது. சான்று அட்டையின் பெயர் 'கியூ.எஸ்.எல்.' கப்பல்களும் கரை நிலையங்களும் தந்தி மொழியில் சுருக்கமாகப் பேசிக்கொள்ள வகுத்த மூன்றெழுத்துக் குறிகளுள் இஃது ஒன்று; 'பெற்றேன் என்று உறுதி கூறுகிறேன்' என்பது இதன் பொருள். தனியார் நிலையம் வைத்திருந்தோர் இக்குறியை அஞ்சலட்டையில் எழுதிப் பரிமாறத் தொடங்கினர். 1916ஆம் ஆண்டில் அமெரிக்காவின் பபலோ நகரிலிருந்து பிலடெல்பியாவுக்குச் சென்ற அட்டை, மிகப் பழையவற்றுள் ஒன்றாகக் கருதப்படுகிறது. 1924ஆம் ஆண்டில் சிகாகோவின் எக்கோ என்னும் நிறுவனம், நிலையத்தின் பெயர் பொறித்த முத்திரைத் தலைகளையே அச்சிட்டு, கேட்டதற்குச் சான்றாக நேயர்களுக்கு வழங்கச் செய்தது.

அதே 1924ஆம் ஆண்டில்தான் தமிழகத்திலும் வானொலி பிறந்தது. கிருஷ்ணசாமி செட்டியார் முன்னின்று நிறுவிய சென்னை மாகாண ரேடியோ கிளப், அவ்வாண்டு ஜூலை 31ஆம் நாள் ஒலிபரப்பைத் தொடங்கிற்று. அதன் தொடக்க ஆற்றல் 40 வாட். இன்று ஒரு மின்விளக்குக்கு அஃது ஈடாகும். பணமுடையால் 1927ஆம் ஆண்டில் கிளப் தளர்ந்தது. 1930ஆம் ஆண்டில் சென்னை மாநகராட்சி அப்பணியை ஏற்றது. 1938ஆம் ஆண்டு ஜூன் 16ஆம் நாள் அகில இந்திய வானொலியின் சென்னை நிலையம் தோன்றியது.

புனேயின் கதை இதனினும் வியப்புடையது. வானொலி நிலையம் இந்நகருக்கு வந்தது 1953ஆம் ஆண்டு அக்டோபர் 2ஆம் நாளில்தான். ஆயினும் அதற்கு இருபத்தாறு ஆண்டுகளுக்கு முன்னரே, உலகின் மறுகோடியோடு வானலையில் உரையாடிய நகரம் இது. மார்க்கோனியின் முறைப்படி, சிற்றலையை ஒரே திசையில் கற்றையாகச் செலுத்தும் தந்தி நிலையம் கட்கியில் அமைந்தது. இங்கிலாந்திலிருந்து வரும் அலையைப் பெறும் நிலையம், கிழக்கே தவுண்டில் அமைந்தது. இரண்டையும் பிரித்து வைத்ததற்குக் காரணம் எளிது: அருகிலிருந்து உரக்கக் கூவுபவன் இருக்கையில், தொலைவிலிருந்து வரும் மெல்லிய குரல் நம் செவியில் ஏறுமோ? அவ்வாறே அங்கும் அனுப்பும் நிலையம் கிரிம்ஸ்பி அருகிலும், பெறும் நிலையம் ஸ்கெக்னெஸ் அருகிலும் அமைந்தன.

1927ஆம் ஆண்டு ஜூலை 23ஆம் நாள், இந்தியாவுக்கும் இங்கிலாந்துக்கும் இடையிலான இத்தந்திப் பணியை, வைசிராய் இர்வின் பிரபு மன்னருடன் வாழ்த்துச் செய்தி பரிமாறித் தொடங்கி வைத்தார். அதே நாளில்தான் பம்பாயில் இந்திய ஒலிபரப்புக் கம்பெனியின் முதல் நிலையத்தையும் அவர் திறந்து வைத்தார். ஆக, இந்தியாவில் முறையான ஒலிபரப்புக்கும், புனே வழியே கடல் கடந்த சிற்றலைத் தொடர்புக்கும் பிறந்தநாள் ஒன்றே. கட்கியின் படைக்கலத் தொழிற்சாலையிலும் பாசறைகளிலும் பணியாற்றிய தமிழர், நாள்தோறும் கடந்து சென்ற ஊரில் நிகழ்ந்தது இது என்பதை நம்முள் எத்தனை பேர் அறிவோம்?

சிற்றலையின் இவ்வாற்றலை ஒலிபரப்பாளரும் விரைவில் உணர்ந்தனர். 1927ஆம் ஆண்டிலேயே ஹாலந்தின் ஐந்தோவன் நகரிலிருந்து எழுந்த ஒலி, கிழக்கிந்தியத் தீவுகளில் கேட்டது. 1932ஆம் ஆண்டு டிசம்பரில் பி.பி.சி. தன் பேரரசு ஒலிபரப்பைத் தொடங்கிற்று. 1941ஆம் ஆண்டு மே மாதத்தில் இலண்டனிலிருந்து தமிழ் ஒலித்தது. 1963ஆம் ஆண்டு ஆகஸ்டு முதல் நாள் பெய்ஜிங் தமிழில் பேசத் தொடங்கிற்று. கொழும்போ, உலகப் போரின்போது கூட்டணிப் படையினருக்கென அமைந்த வலிமை மிக்க கருவிகளைப் பின்னர்த் தனதாக்கிக்கொண்டு, இலங்கை வானொலி என்னும் பெயரால் ஆசியா முழுவதையும் எட்டியது. புனே வீட்டில் ஒரு சாதாரணப் பெட்டியை வைத்துக்கொண்டு, இலண்டன், பெய்ஜிங், கொழும்பு ஆகிய மூன்றிடத்திலிருந்தும் தாய்மொழியைக் கேட்க இயன்றது என்றால், அது சிறிய பேறு அன்று.

இனி, அட்டை பெறும் முறையைக் காண்போம். நேயர் முதலில் நிலையத்தின் அலைவரிசை எண்ணையும், நாளையும், நேரத்தையும் குறித்துக்கொள்வார். நேரம் நம் கடிகாரப்படி அன்று. அதற்கு ஐந்தரை மணி பின்தங்கிய உலகப் பொது நேரப்படி எழுதுவார். பின்னர் ஒலியின் தன்மையை ஐந்து இலக்கங்களால் மதிப்பிடுவார். ஒலியின் வலிமை, பிற நிலையங்களின் குறுக்கீடு, இரைச்சல், அலை ஏறி இறங்கும் தடுமாற்றம், மொத்தத் தகுதி ஆகிய ஐந்துக்கும் ஒன்று முதல் ஐந்து வரை மதிப்பெண் உண்டு. ஐந்து என்பது குறையற்றது. இறுதியாக, நிகழ்ச்சியில் கேட்டவற்றைச் சில வரிகளில் எழுதுவார்: இன்ன நிமிடத்தில் செய்தி தொடங்கிற்று, இன்ன இசை ஒலித்தது, அறிவிப்பாளர் இன்னவாறு கூறினார் என்று. பதில் அஞ்சலுக்கான செலவைப் பன்னாட்டுக் கூப்பனாக இணைத்து அனுப்புவதும் உண்டு.

நிலையத்தார் அதைத் தம் குறிப்பேட்டோடு ஒத்துப் பார்ப்பர். ஒத்திருந்தால் மட்டுமே சான்று வரும். இதில் பொய்க்கு இடமில்லை. கேளாததைக் கேட்டதாக எழுதுபவன், நிகழ்ச்சி விவரத்தில் அகப்பட்டுக்கொள்வான். நிலையத்திற்கும் இதனால் பயன் உண்டு. தன் அலை எங்கு இறங்குகிறது, எந்நிலையத்தால் நசுக்கப்படுகிறது என்பதை ஆயிரம் காதங்களுக்கு அப்பால் உள்ள ஒருவர் ஊதியமின்றி அறிவித்துவிடுகிறார். எனவே அந்த அட்டையை நிலையத்தின் வெகுமதி என்று கொள்வதைவிட, இருவர் செய்த கூட்டுப்பணிக்குக் கிடைத்த ஒப்புதல் என்று கொள்வதே பொருந்தும்.

உலகெங்குமுள்ள சேகரிப்பாளர் ஒரு காலத்தில் புனேயின் அஞ்சல் முத்திரைக்காகக் காத்திருந்தனர் என்றால், நேயர்கள் வியப்படையக்கூடும். அட்வென்டிஸ்ட் உலக வானொலி என்னும் சமய ஒலிபரப்பு அமைப்பின் ஆசியக் கிளை, புனேயில் ஒலிப்பதிவுக் கூடம் வைத்திருந்தது. ஆஸ்திரேலியரான ஆட்ரியன் பீட்டர்சன் அதில் பணியாற்றினார். அவர் வானொலி வரலாற்றாசிரியர். சான்று அட்டைகளைப் பெருமளவில் சேர்த்தவர். 1980களில் இக்கூடத்தில் உருவான நிகழ்ச்சிகள் கொழும்புக்குச் சென்று, இலங்கை வானொலியின் சிற்றலையில் ஒலித்தன. அவற்றுள் 'ரேடியோ மானிட்டர்ஸ் இண்டர்நேஷனல்' என்னும் நிகழ்ச்சி, தொலைதூர வானொலி நேயர்களுக்கென்றே அமைந்தது. புனேயில் பேசிய பேச்சு கொழும்பிலிருந்து வான் வழியே உலகைச் சுற்றிற்று. அதைக் கேட்டோரின் கடிதங்கள் புனேக்கு வந்தன. சான்று அட்டைகள் புனேயிலிருந்து சென்றன. அன்று இந்நகரின் பெயர் எத்தனையோ நாடுகளின் அட்டைப் பெட்டிகளில் இடம்பெற்றது.

தொலைவிலிருந்து வரும் மெல்லொலியைக் கேட்கும் கலை, புனேயில் வேறொரு வடிவிலும் வளர்ந்தது. விண்மீன்களும் விண்வெளிப் பொருள்களும் வீசும் ரேடியோ அலைகளைக் கேட்பதற்காக, கோவிந்த் ஸ்வரூப் என்னும் அறிஞர் தலைமையில், 1970ஆம் ஆண்டில் உதகமண்டலத்தை அடுத்த முத்தோரையில் 530 மீட்டர் நீளமுள்ள தொலைநோக்கி ஒன்று எழுந்தது. அந்த மலைச்சரிவின் சாய்வு, அவ்விடத்தின் அட்சரேகை அளவான பதினொரு பாகையே. ஆதலால் கருவியின் அச்சு பூமியின் அச்சுக்கு இணையாக அமைந்து, விண்பொருளைத் தொடர்வது எளிதாயிற்று. நீலகிரியில் கற்ற பாடத்தைக் கொண்டு அவ்வறிஞர் குழுவினர் புனேக்கு வடக்கே, நாராயண்காவை அடுத்த கோடத் என்னும் ஊரில், ஒவ்வொன்றும் 45 மீட்டர் குறுக்களவுள்ள முப்பது பெருங்கிண்ணங்களை நிறுவினர். மலைகள் சூழ்ந்து, மனிதர் எழுப்பும் ரேடியோ இரைச்சல் குறைந்திருந்தமை அவ்விடத்தின் தகுதிகளுள் ஒன்று.

2016ஆம் ஆண்டு அக்டோபர் 19ஆம் நாள், செவ்வாய்க் கோளில் இறங்கிய ஸ்கியாபரெல்லி என்னும் ஐரோப்பியக் கலம் எழுப்பிய மெல்லிய குறியொலியை, பதினேழு கோடி கிலோமீட்டருக்கு அப்பாலிருந்து இக்கிண்ணங்கள் கேட்டன. கலம் தரையில் மோதி அழிந்தது. எனினும் அது இறங்கிய வேளையில் எழுப்பிய ஒலிக்குச் சான்று கூறியவற்றுள் புனே முக்கியமானது. கேட்டதைக் குறித்துவைத்து உறுதி கூறும் அப்பணியே, வீட்டு மாடியில் கம்பி கட்டி அமர்ந்த நேயர் செய்த பணியும் ஆகும். அளவிலேதான் வேறுபாடு.

இன்று நிலைமை மாறிவிட்டது. நெதர்லாந்து வானொலியின் சிற்றலை 2012ஆம் ஆண்டில் ஓய்ந்தது. ஆஸ்திரேலிய வானொலி 2017ஆம் ஆண்டு ஜனவரியில் சிற்றலையை விட்டது. அதே ஆண்டு ஏப்ரல் 30ஆம் நாள், எழுபத்தாறு ஆண்டு ஒலித்த இலண்டன் தமிழ்ச் சிற்றலை நின்றது. திருச்சியோ சென்னையோ வேண்டுமாயின், கைபேசியில் தெளிவாகக் கேட்கலாம். இருட்டும் வரை காத்திருக்க வேண்டுவதில்லை. இதை நாம் குறையென்று கூறவில்லை. தாயகத்தின் குரல் தடையின்றி வருவது நன்மையே. ஆயினும் ஒன்றை மறவாதிருத்தல் வேண்டும். கைபேசியில் கேட்பவர் கேட்டதற்கு எந்தச் சான்றும் எஞ்சுவதில்லை. அந்நாளைய நேயர் கேட்டதற்கோ, நாளும் மணியும் அலைவரிசையும் பொறித்த அட்டை உண்டு.

மறைந்த நிலையம் ஒன்று இன்ன ஆண்டில், இன்ன அலைவரிசையில், புனேயில் கேட்டது என்பதற்கு, பல வேளைகளில் அந்த அட்டை ஒன்றே எஞ்சிய ஆவணமாக இருக்கும். பிற நாட்டினர் இதை உணர்ந்து செயல்படுகின்றனர். வியன்னா நகரில் உள்ள ஆவணக் காப்பகம் ஒன்று, உலகெங்குமிருந்து வந்த சான்று அட்டைகளை இலட்சக்கணக்கில் பேணி வருகிறது. அமெரிக்காவில் மறைந்த நேயர்களின் தொகுப்புகளைக் காக்கவென்றே ஒரு குழு 1980களில் தோன்றியது. நம்மிடையேயோ, தந்தையார் மறைந்து வீடு மாறும்போது, அட்டைப் பெட்டி பழைய தாள்களோடு எடைக்குப் போய்விடுகிறது.

ஆதலின் நேயர்களை நாம் கேட்டுக்கொள்வது இதுவே. நும் வீட்டு அலமாரியில், பரணில், பழைய இரும்புப் பெட்டியில் இத்தகைய அட்டைகள் இருப்பின், அவற்றை எறிந்துவிடாதீர்கள். பசையிட்டு ஒட்டாமல், அமிலமற்ற தாள் உறைகளில் இடுங்கள். அட்டை வந்த உறையையும், அதன் தபால் தலையையும், நேயர் தம் கையால் எழுதிய குறிப்பேட்டையும் உடன் வையுங்கள். குறிப்பேடின்றி அட்டை பாதிக் கதையே கூறும். எவர் கேட்டார், எவ்வூரில் கேட்டார், எவ்வகைப் பெட்டியில் கேட்டார் என்பதை ஒரு தாளில் எழுதிச் சேருங்கள். இல்லத்தில் இடமில்லையேல், ஊரிலுள்ள தமிழ்ச் சங்க நூலகத்திலோ பல்கலைக்கழகத்திலோ சேர்க்க முயலுங்கள்.

தமிழர் எங்கெங்குச் சென்று வாழ்ந்தனர் என்பதைக் கல்வெட்டும் செப்பேடும் கூறும். இருபதாம் நூற்றாண்டில், சொந்த ஊரை விட்டு வந்தவர்கள் இரவில் எந்தத் திசை நோக்கிச் செவி சாய்த்திருந்தனர் என்பதைக் கூற, இந்த அட்டைகள் இருக்கின்றன. அவற்றைக் காப்பது நம் கடமை.